புற்றுநோய் மருந்தை முடக்குவாதத்துக்கு ஏன் தருகிறார்கள்?

கேள்வி: என் வயது 36. மயிலாடுதுறைக்கு அருகில் வசிக்கிறேன். நான்கு மாதங்களாக இரு கைகளிலும் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் வீங்கி வலிக்கின்றன. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடிவதில்லை. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்தது. ஆனால் 20க்குள் இருக்க வேண்டிய ஆன்டி-சிசிபி 180 இருக்கிறது, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் கூடியிருக்கிறது. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று சொல்லி, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் 10 மி.கி. எழுதித் தந்தார் மருத்துவர். மருந்துக் கடையில் விசாரித்தால், அது புற்றுநோய்க்குத் தரும் மருந்து என்கிறார்கள். பயத்தில் மாத்திரையைத் தொடவே இல்லை. வலி மாத்திரையில் சமாளித்து வருகிறேன். மூன்று வயதில் ஒரு குழந்தை இருக்கிறது, இன்னொன்றும் பெற்றுக்கொள்ள ஆசை. நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் மருத்துவர் சரியான மருந்தைத்தான் எழுதியிருக்கிறார். உடனே கருத்தரிக்கும் எண்ணம் இல்லையென்றால், மீண்டும் அவரைப் பார்த்து அதைத் தொடங்கிவிடுங்கள். இரண்டாவது குழந்தையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லையென்றால், மாத்திரையை விழுங்குவதற்கு முன் அதைச் சொல்லியாக வேண்டும். கர்ப்பமில்லை என்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் நோயறிதலைப் பார்ப்போம். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்றால் முடக்குவாதம் இல்லை என்றும், பாசிட்டிவ் என்றால் முடக்குவாதமேதான் என்றும் பலர் நம்புகிறார்கள், இரண்டுமே தவறு. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அந்தப் பரிசோதனை நெகட்டிவாகவே வரும். மாறாக, காசநோய், ஹெபடைடிஸ் சி போன்ற தொற்றுகளிலும், நோயே இல்லாத சில முதியவர்களிடத்திலும் அது பாசிட்டிவாக வருவதுண்டு. 1940இல் நார்வே நாட்டு மருத்துவர் எரிக் வாலர் கண்டறிந்த இந்த எதிர்ப்பொருளை மட்டும் நம்பியே பல பத்தாண்டுகள் மருத்துவம் நடந்தது. பின்னர் வந்த ஆன்டி-சிசிபி பரிசோதனை நிலைமையை மாற்றியது. உடலின் புரதங்களில் ஏற்படும் ஒரு சிறு வேதிமாற்றத்தை அந்நியப் பொருளாகக் கருதி நம் நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்குவதை அது காட்டிக்கொடுக்கிறது. பாசிட்டிவாக வந்தால் அது பொய்யாக இருக்கும் வாய்ப்பு குறைவு. மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது ரத்தத்தில் தோன்றிவிடவும் கூடும்.

அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர் சங்கங்கள் 2010இல் வகுத்த மதிப்பெண் முறையில் 10க்கு 6 அல்லது அதற்கு மேல் பெற்றால் முடக்குவாதம் என வகைப்படுத்துகிறார்கள். நான்கு முதல் பத்து வரையான சிறு மூட்டுகள் பாதிக்கப்பட்டிருந்தால் 3, ஆன்டி-சிசிபி இயல்பு அளவின் மூன்று மடங்கைத் தாண்டியிருந்தால் 3, சி.ஆர்.பி. கூடியிருந்தால் 1, ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்திருந்தால் 1. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துக் கூட்டினாலே 8 வந்துவிடுகிறது. இப்படி மூட்டு வீங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் இதே போன்ற வீக்கமும் காலை இறுக்கமும் தொடர்வதை 2006ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் தமிழகத்தில் பரவலாகக் கண்டோம். வலி தொடங்குவதற்கு முன் கடுமையான காய்ச்சல் ஏதும் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் ஆன்டி-சிசிபி இவ்வளவு உயர்ந்திருப்பது முடக்குவாதத்தையே பலமாகச் சுட்டுகிறது.

இனி மெத்தோட்ரெக்சேட். அது புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்து என்பது உண்மைதான். ஆனால் சில புற்றுநோய்களுக்கு ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் ஏற்றுகிறார்கள். முடக்குவாதத்துக்கு வாரம் முழுவதற்குமே 7.5 முதல் 25 மி.கி. வரைதான். அளவு மட்டுமன்றி, வேலை செய்யும் விதமும் வேறு. அதிக அளவில் அது செல்கள் பெருகுவதைத் தடுக்கிறது. இந்தச் சிறிய அளவிலோ, அடினோசின் என்னும் பொருள் கூடுதலாக வெளிப்படச் செய்து அழற்சியைத் தணிக்கிறது. அமெரிக்க மருத்துவர் மைக்கேல் வைன்பிளாட்டும் அவருடைய குழுவினரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதன் பயனைத் தெளிவாக்கியது. 1988இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முடக்குவாதத்துக்கு இதை அனுமதித்தது. அதன் பிறகு எத்தனையோ புதிய மருந்துகள் வந்துவிட்ட போதிலும், இன்றுவரை உலகெங்கும் பெரும்பாலோருக்கு முதலில் எழுதப்படுவது இதுதான்.

உண்மையில் அஞ்ச வேண்டியது ஒன்று இருக்கிறது. வாரம் ஒருமுறை போட வேண்டிய இந்த மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் போட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. ஆகவே ஒரு கிழமையை முடிவு செய்து, தினசரி காலண்டரில் அந்த நாட்களைக் குறித்து வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அதைத் தெரியப்படுத்துங்கள். மருந்து வாங்கும்போது சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று இருக்கிறதா என்றும், அட்டையில் இருப்பது 2.5 மி.கி. மாத்திரையா 10 மி.கி. மாத்திரையா என்றும் ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். கூடவே தரப்படும் ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொன்ன மற்ற நாட்களில் தவறாமல் போட்டால் குமட்டலும் வாய்ப்புண்ணும் பெரிதும் குறையும்.

தொடங்குவதற்கு முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கான பரிசோதனைகளும் ஒரு மார்பு எக்ஸ்ரேயும் தேவை. அணுக்களையும் கல்லீரல், சிறுநீரகச் செயல்பாட்டையும் முதல் மூன்று மாதங்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். காய்ச்சல், கடுமையான வாய்ப்புண், காரணமின்றித் தோலில் ரத்தக்கட்டு, புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத் திணறலோ தோன்றினால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வேறு நோய்க்கு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். குறிப்பாகக் கோ-ட்ரைமாக்சசோல் என்னும் ஆன்டிபயாடிக்கை இதனுடன் சேர்க்கக் கூடாது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இரண்டு வாரத்தில் வலி குறையவில்லையே என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படுகிறது.

நீங்கள் இப்போது நம்பியிருக்கும் வலி மாத்திரை வலியை மறைக்குமே தவிர, மூட்டின் உள்ளே எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்காது. நீண்ட நாள் போட்டால் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எலும்பு அரிக்கப்படத் தொடங்கிவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அரிது. அதனால்தான் முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம். உங்களுக்கு ஏற்கனவே நான்கு மாதம் கடந்துவிட்டது. இடைக்காலத்தில் மருத்துவர் குறைந்த அளவு ஸ்டீராய்டு தரக்கூடும். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியைப் போட்டபோது, முடங்கிக் கிடந்த ஒரு பெண் சில நாட்களிலேயே நடந்தார். 1950இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் தொடர்ந்து பயன்படுத்தியபோதுதான் எலும்பு மெலிவு, சர்க்கரை, தொற்று என்ற அதன் மறுபக்கம் தெரிந்தது. ஆகவே அது சில வாரங்களுக்கான துணை மட்டுமே. பெயரோ உட்பொருளோ குறிப்பிடாமல் ‘மூட்டு வலிப் பொடி’ என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

மெத்தோட்ரெக்சேட் போதாவிட்டால் உடனே விலையுயர்ந்த ஊசிக்குப் போக வேண்டும் என்பதில்லை. மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மூன்றையும் சேர்த்துத் தருவது, மெத்தோட்ரெக்சேட்டுடன் எடனர்செப்ட் ஊசி போடுவதற்குக் குறைந்ததல்ல என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்கும் அடங்காதபோது, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன. லண்டனில் ஆய்வாளர்கள் மார்க் ஃபெல்ட்மானும் ரவீந்தர் மைனியும் திறந்த வழி அது; 2014இல் இந்தியாவிலேயே, அவற்றில் ஒன்றான அடலிமுமாப்பின் உயிரிநிகர் மருந்து (மூல மருந்தை ஒத்த மாற்று மருந்து) வந்தபின் விலையும் இறங்கியது. ஆனால் இந்த ஊசிகள் உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக் கூடும் என்பதால், நம் நாட்டில் அதற்கான பரிசோதனை இல்லாமல் இவற்றைத் தொடங்கவே கூடாது. மாத்திரையாகக் கிடைக்கும் டோஃபாசிடினிப்புக்கும் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அதோடு, இதயநோய் அபாயமுள்ள ஐம்பது வயது கடந்தவர்களுக்கு மிகுந்த எச்சரிக்கையுடனே அதைத் தர வேண்டும்.

இரண்டாவது குழந்தையைப் பற்றி. மெத்தோட்ரெக்சேட் கருவுக்குத் தீங்கு செய்யும். அதனால் அதைப் போடும் காலம் முழுவதும் நம்பகமான கருத்தடை அவசியம். கருத்தரிக்க முயல்வதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஆனால் நோய் கட்டுக்கடங்காமல் இருக்கும்போது கருத்தரிப்பு தாமதப்படுவதும் குறைமாதப் பிரசவமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. எனவே இப்போது நோயை நன்றாக அடக்கி, சில மாதங்கள் அந்த நிலையைத் தக்கவைத்து, பிறகு கர்ப்பத்துக்குப் பாதுகாப்பான சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போன்றவற்றுக்கு மாறிக்கொள்வது ஒரு நல்ல திட்டம். உடனே குழந்தை வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே அந்த மருந்துகளைத் தேர்ந்தெடுக்கலாம்; அது உங்கள் குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. மூட்டுவாத நிபுணரை இதுவரை பார்க்கவில்லையென்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் இதற்கென்றே தனித்துறைகள் உள்ளன. இதுவரை செய்த பரிசோதனை முடிவுகளையும், போட்டுவரும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.