யாரும் பார்க்காத முதுகு

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் கதை எழுதுகிறேன். இரண்டு இதழ்களுக்கு அனுப்பியும் பதில் இல்லை. 'செல்போனே ஒரு நிமிஷத்தில் கதை எழுதித் தருகிறது, நீ எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய்' என்கிறார் கணவர். முன்பெல்லாம் சின்னப் பாத்திரத்துக்குக்கூட ரொம்ப மெனக்கெடுவேன். யாரும் கவனிப்பதில்லை என்று தெரிந்தபின் அதையெல்லாம் விட்டுவிட்டேன். படிக்க ஆளில்லாத ஒன்றை எதற்காக எழுத வேண்டும்? ஒரு கதை இணைத்திருக்கிறேன்.

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

இதழ்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அனுப்பிக்கொண்டே இருங்கள். செல்போன் எழுதினால் எழுதட்டும். அது எழுதிய கதை எதையாவது கடைசிவரை படித்தாரா என்று உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள்.

'யாரும் கவனிப்பதில்லை என்று தெரிந்தபின்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை உசுப்பிவிட்டது. போன மாதம் தஞ்சாவூர் போய்வந்ததிலிருந்து முதுகுகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

அரண்மனைக் கலைக்கூடத்தில் ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், வெண்கலத்தில் நிற்கிறார். திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்தவர். ராஜராஜன் காலத்துச் சிலை, 1011ஆம் ஆண்டு. ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு, காளையின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார். காளை கிடைக்கவில்லை. கை வெறுங்காற்றில் இருக்கிறது. ஆனாலும் அது எவ்வளவு உயரம், எங்கே நின்றது என்று அந்தத் தோளைப் பார்த்தே சொல்லிவிடலாம். எல்லோரும் முன்னால் நின்று தலைப்பாகை போலச் சுற்றிய சடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். முதுகுத்தண்டு ஓடும் பள்ளம், இடுப்பு ஒரு பக்கமாக விழும் இடம், ஒன்றையும் விடவில்லை.

இது உற்சவர். பட்டும் மாலையும் நகையும் சாற்றிவிட்டால் முகமும் கையும்தான் தெரியும். வீதி உலாவில் பின்னால் வருகிறவனுக்குப் பூவைத் தவிர வேறொன்றும் தெரியாது. அப்படியென்றால் முதுகை யாருக்காகச் செய்தார்கள்? சாமிக்குத் தெரியுமே என்பார்கள். இருக்கலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

பல வருஷத்துக்கு முன் சுவாமிமலையில் ஒரு பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். வயதான ஸ்தபதி ஒருவர் மெழுகில் அம்மன் செய்துகொண்டிருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெய் விட்டுக் காய்ச்சிய மெழுகு. காய்ச்சிய இரும்புக் கம்பியால் பிடரியில் சுருள் முடியை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார். இந்த மெழுகே தங்கப்போவதில்லை. மேலே வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, வறட்டி நெருப்பில் வைத்தால் உருகி வழிந்துவிடும். அந்த இடத்தில் உலோகம் போகும். அப்புறம் மண்ணையும் உடைத்துவிடுவார்கள். "இது புடவைக்குள்ளே போயிடுமே, எதுக்குங்க இவ்வளவு?" என்று கேட்டேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை. "பின்னாடி இடுப்பு எங்கே ஒடியுதுன்னு தெரியாம முன்னாடி எப்படி நிக்க வைக்கிறது?" என்றார். அப்புறம், வெளிச்சத்தை மறைக்கிறேன், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.

பக்தி, தியாகம் என்று அவர் எதுவும் பேசவில்லை. முதுகு தெரியாவிட்டால் முகம் நிற்காது. இது வேலை சம்பந்தப்பட்ட விஷயம். நீங்கள் இதைத் தாராள குணம் போல நினைத்திருக்கிறீர்கள், 'கவனிக்கிறவர்களுக்கு' என்று எடுத்து வைத்திருந்த உபரி போல. வாசகர் மேல் கோபம் வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். நஷ்டம் யாருக்கு?

உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். டீக்கடையில் நாலு பக்கம் நடக்கிறது. டீ மாஸ்டருக்கு ஒரே வரி: 'மாஸ்டர் டீ ஆற்றிக் கொடுத்தார்.' அந்தக் கடையில் பாய்லர் எந்தப் பக்கம் இருக்கிறது? கல்லாவில் இருப்பது அவரேயா, வேறு ஆளா? அழுகிறவனை அவர் பார்த்தாரா, பார்க்காதது போல கிளாஸ் கழுவினாரா? உங்களுக்குத் தெரியவில்லை. அதனால் உங்கள் கதாநாயகன் எங்கே நின்று அழுகிறான் என்று எனக்கும் தெரியவில்லை. அவன் துக்கம் சாய்ந்து நிற்க ஒன்றும் இல்லை, தொபுக்கென்று விழுகிறது.

இதே கதையில் மாமியார் கரண்டு பில் அட்டையால் விசிறிக்கொண்டே பெண் பார்த்த கதையைச் சொல்கிறாள். அது பிரமாதம். அவளுக்கும் ஒரே பக்கம்தான், ஆனால் அந்த வீட்டில் ஃபேன் ஓடாது, ஏன் ஓடாது என்பது வரைக்கும் எனக்குப் புரிந்துவிட்டது. மெனக்கெட்ட காலத்தில் எழுதிய பகுதி என்று நினைக்கிறேன். இப்படி எழுதத் தெரிந்தவர் மற்றதை அவசரமாக முடித்தால் கோபம் வராதா? வருகிறது.

படிக்க ஆளில்லை என்றீர்கள். நான் இரண்டு தடவை படித்தேன்.

கதாநாயகனைக் கொஞ்ச நாள் அழவிடாமல் ஓரமாக நிறுத்துங்கள். டீ மாஸ்டர் விடியற்காலையில் கடை திறப்பதிலிருந்து தனியாக எழுதுங்கள், கதையில் சேர்க்க வேண்டாம். அப்புறம் அந்த நாலு பக்கத்தையும் மறுபடி எழுதி அனுப்புங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள், எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.