டியூஷன் போனதால்தான் பாஸா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி நான். டியூஷன் போவதால் சாதாரண தரக் கணிதத்தில் சித்தியடையும் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்று ஆய்வு செய்கிறேன். ஆர்வமுள்ள பிள்ளைகள்தானே டியூஷன் போகிறார்கள்? அதனால் டவுனுக்குள்ள தூரத்தைக் கருவி மாறியாக (டியூஷன் போவதை மாற்றும், ஆனால் சித்தியை நேரடியாகத் தொடாத ஒன்றாக) வைத்து, டியூஷன் போகும் நிகழ்தகவை முதலில் மதிப்பிட்டு, அதைப் புரோபிட்டில் (ஆம், இல்லை என்ற முடிவின் நிகழ்தகவைக் கணிக்கும் மாதிரியில்) போட்டேன். சரியா?

பதில்: தங்கச்சி, சிக்கலைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். கொழுந்து எடுக்கும் சம்பளத்தில் டியூஷனுக்கு ஒதுக்கி வைக்கிற அம்மா வீட்டிலும் பிள்ளையைப் படிக்க வைப்பார், அந்த அக்கறை தரவில் எங்கும் இருக்காது, சாதாரண புரோபிட் அதையும் டியூஷன் கணக்கில் எழுதிவிடும்.

ஆனால் செய்த வழி பிழை. நேர்கோட்டு மாதிரியில் மதிப்பிட்ட எண்ணை உண்மையான மாறிக்குப் பதில் வைக்கலாம். புரோபிட் வளைகோடு. 0.6 டியூஷன் போன பிள்ளை என்று யாரும் இல்லையே, அந்த 0.6ஐ உள்ளே போட்டு வரும் நிகழ்தகவும், 1ஐயும் 0ஐயும் தனித்தனியே போட்டு எடுக்கும் சராசரியும் ஒன்றல்ல. ஸ்டேட்டா என்ற புள்ளிவிபர மென்பொருளின் ஐவிபுரோபிட் (ivprobit) கட்டளையும் இதற்கு உதவாது, டியூஷன் மணித்தியாலம் போன்ற தொடர்ச்சியான மாறிக்குத்தான் அது.

உங்களுக்கு வேண்டியது இருமாறி புரோபிட். சித்திக்கு ஒன்று, டியூஷனுக்கு ஒன்று என இரண்டு சமன்பாட்டையும் சேர்த்தே மதிப்பிடுங்கள். சித்திச் சமன்பாட்டில் உண்மையான 0, 1 இருக்கட்டும், டவுன் தூரம் டியூஷன் சமன்பாட்டில் மட்டும். இரண்டின் வழுக்களுக்கும் (சமன்பாடு விளக்காமல் விடும் மிச்சங்களுக்கும்) இடையிலான தொடர்பு நேர்மறையாக வந்தால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இரண்டையும் சேர்த்துத் தள்ளுகிறது என்று அர்த்தம். அப்புறம் சித்திச் சமன்பாட்டில் டியூஷனுக்கு வரும் குணகத்தை (பெருக்கும் எண்ணை) அப்படியே விளைவு என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் போனால் என்ன நிகழ்தகவு, போகாவிட்டால் என்ன என்று கணித்து, வித்தியாசத்தின் சராசரியை எடுங்கள்.

வழுக்கள் இயல்நிலைப் பரவலில் (மணி வடிவில்) அமையும் என்ற அனுமானத்தில்தான் இதெல்லாம் நிற்கிறது. ஆகவே அந்த அனுமானம் தேவைப்படாத, நேர்கோட்டு மாதிரிக்கான கருவி மாறி முறையான இருநிலை குறைந்தபட்ச வர்க்க முறையையும் (2SLS) பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். 1994இல் பொருளியலாளர்கள் இம்பென்ஸும் ஆங்ரிஸ்டும் காட்டியபடி, அது தரும் எண் தூரம் காரணமாகவே டியூஷன் போவதா இல்லையா என்ற முடிவு மாறும் பிள்ளைகளுக்குரியது. இருமாறி புரோபிட்டில் எடுத்த சராசரியோ எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. அதனால் இரண்டு எண்ணும் வேறாக வந்தால் பயப்பட வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை அந்தத் தூரம்தான். தோட்டத்தின் மேல் டிவிஷன் பிள்ளைக்கு டியூஷன் மட்டுமா தூரம்? பாடசாலையும் தூரம், மழைநாளில் பஸ்ஸும் வராது. அப்படியானால் தூரம் டியூஷன் வழியாக மட்டும் சித்தியைத் தொடவில்லை, கருவியே கெட்டுப்போகிறது. பாடசாலைக்குள்ள தூரத்தைத் தனியாக அளந்து இரண்டு சமன்பாட்டிலும் சேருங்கள். பாடசாலையும் அதே டவுனில் இருந்தால் இரண்டு தூரமும் ஒன்றாகிவிடும், அப்போது வேறு கருவி தேட வேண்டியதுதான்.