கேரம்போர்டு வீட்டுப் பெண்ணும் ஸ்குவாஷும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஸ்குவாஷ் வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் 'விளையாட்டுக் குடும்பத்தில் பிறந்தவர்' என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியால் எங்கள் வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு.

என் மகளுக்கு 11 வயது. தோழியோடு சும்மா போனவள், இரண்டு வருஷமாக ஸ்குவாஷை விட மாட்டேன் என்கிறாள். கோச் "கை நல்லா இருக்கு, வாரம் ஆறு நாள் அனுப்புங்க, வெளியூர் போட்டிக்கும் கூட்டிட்டுப் போங்க" என்கிறார். கணவருக்கு மத்திய அரசு வேலை. இரண்டு பக்கத்திலும் யாரும் கேரம்போர்டைத் தாண்டி எதுவும் ஆடியதில்லை. மாமியார் "அதெல்லாம் ரத்தத்துலயே இருக்கணும்டி" என்கிறார். ஸ்குவாஷில் பெயர் வாங்கியவர்களைத் தேடிப் பார்த்தால் ஜோஷ்னாவின் அப்பா ஸ்குவாஷ், தீபிகா பள்ளிக்கலின் அம்மா கிரிக்கெட், இந்த டெல்லிப் பெண் அனாஹத் சிங்கின் பெற்றோர் ஹாக்கி. பாகிஸ்தானின் ஜஹாங்கீர் கானுக்கோ ஊரே ஸ்குவாஷ். எங்களைப் போன்றவர்கள் ஆசைப்படலாமா? இல்லை, பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு படிப்பைப் பார் என்று சொல்லிவிடலாமா?

ஒரு வாசகி, மயூர் விஹார்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

*

அன்புள்ள வாசகிக்கு,

தப்பு என்னுடையது. 'விளையாட்டுக் குடும்பம்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நான் பாட்டுக்கு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அந்தக் குடும்பம் அப்படி என்னதான் கொடுத்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

மாமியாரின் ரத்தக் கதையை முதலில் பார்ப்போம். சுவரில் பந்தடிக்கிற இந்த ஸ்குவாஷில் பரம்பரை என்றால் எல்லோரும் கை காட்டுவது பெஷாவர் பக்கத்து நவாகிலி கிராமத்துக் கான்களைத்தான். அதில் மூத்தவர் ஹாஷிம் கான். அவருடைய அப்பாவுக்கு பிரிட்டிஷ் அதிகாரிகள் கிளப்பில் வேலை, பணியாட்களை மேற்பார்வை பார்ப்பது. ஹாஷிம் அங்கே பந்து பொறுக்கிப் போடும் பையன். கூரை இல்லாத கோர்ட், சுவரைத் தாண்டி வெளியே விழுகிற பந்தை ஓடிப்போய் எடுத்து வர வேண்டும். வெயில் ஏறி துரைமார்கள் உள்ளே போனதும் காலியான கோர்ட்டில் வெறுங்காலோடு தனக்குத் தானே அடித்துப் பழகியவர், 1951இல் பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தபோது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதற்கப்புறம் இன்னும் ஆறு தடவை ஜெயித்தார். அப்புறம் தம்பி அசம் கான், உறவில் ரோஷன் கான், ரோஷனின் மகன் ஜஹாங்கீர். இந்த ஜஹாங்கீர் வீட்டிலேயே நோஞ்சான் பிள்ளை. சின்ன வயதிலேயே குடலிறக்கத்துக்கு இரண்டு ஆபரேஷன், விளையாடவே கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தப் பையன்தான் 17 வயதில் உலக ஓப்பன் பட்டம் வாங்கினான், அந்த வருஷத்திலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் யாரிடமும் தோற்கவில்லை. ரத்தக் கணக்குப்படி பார்த்தால் அந்த வீட்டில் கடைசியாகத் தேற வேண்டியவர் அவர். அந்தக் குடும்பத்துக்கு முதலில் வாய்த்தது காலியாகக் கிடந்த ஒரு கோர்ட்.

ஜோஷ்னாவுக்கும் அப்படித்தான். அப்பா அஞ்சன் சின்னப்பா குடகுக்காரர், காபித் தோட்டம் உண்டு, தமிழ்நாட்டுக்காக ஸ்குவாஷ் ஆடியவர். பெண் ராக்கெட்டைப் பிடித்தது சேப்பாக்கம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில். ரத்தத்தில் ஓடியதோ என்னவோ, கிளப் உறுப்பினர் அட்டையில் கட்டாயம் ஓடியது. ஜோஷ்னாவுக்கு முன்னால் இந்த ஆட்டத்தை ஆண்டவர் புவனேஸ்வரி குமாரி, 1977இலிருந்து 1992வரை விடாமல் 16 தேசியப் பட்டம். அவர் அல்வார் ராஜ குடும்பம். நாலு சுவர் கட்டி மூடி, நல்ல மரத்தரை போட்டு, அதில் ஒரே நேரத்தில் இரண்டே பேர் ஆடுகிற ஆட்டம் வேறு யாருக்குக் கிடைத்திருக்கும்? தெருவில் கிரிக்கெட் ஆடலாம், மொட்டை மாடியில் ஷட்டில் ஆடலாம், ஸ்குவாஷுக்கு வழியே இல்லை. அந்த விதத்தில் டெல்லியில் இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். சிரி ஃபோர்ட் மாதிரி டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) விளையாட்டு வளாகங்கள் இருக்கின்றன. அனாஹத் சிங் பழகியதும் சிரி ஃபோர்ட்டில்தான். அந்தக் கதவு உங்களுக்கு ஏற்கெனவே திறந்துவிட்டது.

சரி, அப்படியானால் தீபிகாவின் அம்மா ஆடிய கிரிக்கெட்டும் அனாஹத்தின் பெற்றோர் ஆடிய ஹாக்கியும் பிள்ளைக்கு எதற்கு உதவின? ஹாக்கி மட்டையை வைத்துக்கொண்டு ஸ்குவாஷ் சொல்லித்தர முடியாது.

இங்கே கொஞ்சம் வருஷக் கணக்கு பாருங்கள். ஜோஷ்னா முதல் தேசிய சீனியர் பட்டம் வாங்கியபோது வயது 14. உலகத் தரவரிசையில் பத்தாவது இடத்துக்கு வந்தது 2016இல், அதாவது முப்பதை நெருங்கும்போது. நடுவில் பதினைந்து வருஷத்துக்கு மேல்! அந்த வருஷங்களில் முட்டி ஆபரேஷன் இருக்கிறது, மாதக்கணக்கில் கோர்ட் பக்கமே போகாதது இருக்கிறது, முதல் சுற்றில் தோற்று ஏதோ ஒரு ஊர் விமான நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததும் இருந்திருக்கும். 17ஆவது தேசியப் பட்டம் வாங்கி புவனேஸ்வரியின் சாதனையைத் தாண்டியது 2019இல். 2025 டிசம்பரில் சென்னையில் இந்தியா உலகக் கோப்பை ஜெயித்த அணியில் 39 வயது ஜோஷ்னாவும் 17 வயது அனாஹத்தும் சேர்ந்து ஆடினார்கள். அந்தச் சின்னப்பெண் பிறப்பதற்கு முன்பே இவர் தேசிய சாம்பியன்.

நம்மைப் போன்ற வீட்டில் என்ன நடக்கும்? மூன்றாவது வருஷம் "ஒண்ணும் தேறலையே" என்று ஆரம்பிப்போம். ஆடிய வீட்டில் அப்படிக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கும் ஒரு காலத்தில் தேறாமல் இருந்திருக்கிறது. தீபிகாவுக்கு 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள், அடுத்த ஏப்ரலில் கிளாஸ்கோவில் உலக இரட்டையர் போட்டியில் இரண்டு தங்கம். கைக்குழந்தை இரண்டை வைத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்புகிறவளை வாசலில் நிறுத்தி "இப்ப இது அவசியமா?" என்று யாராவது கேட்டிருந்தால்? இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய அம்மாவும் அப்போது கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த கணவரும் இருக்கிற வீட்டில் அந்தக் கேள்விக்கு வேலை இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

இதை நான் தெரிந்துகொண்டது தப்புச் செய்துதான். அக்கா மகள் எங்களோடு ஆர்.கே.புரத்தில் தங்கிப் படித்தபோது ஸ்குவாஷ் ஆடினாள். ஒரு டிசம்பர் மாதம், ஜூனியர் போட்டி, காலை ஏழு மணி ஆட்டம். டெல்லிக் குளிரில் இரட்டை மஞ்சள் புள்ளி போட்ட அந்த ஸ்குவாஷ் பந்து செத்த எலி மாதிரி தரையில் விழுந்து அப்படியே கிடக்கும். சூடேறினால்தான் எழும்பும். அவள் காரிலேயே பந்தை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு வருவாள், சிக்னலில் நிற்கும்போது கையை மாற்றிக்கொள்வாள். அன்றைக்கு 11-3, 11-4, 11-2 என்று தோற்றாள். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சிரி ஃபோர்ட்டிலிருந்து கிளம்பி ஐஐடி மேம்பாலம் ஏறும்போது ஆரம்பித்தேன், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்வரை நிறுத்தவில்லை. ஏன் அந்த டிராப் அடித்தாய், ஏன் நடுவுக்குத் திரும்பி வரவில்லை, ஏன் அந்தப் புள்ளியை மறுபடி ஆட லெட் கேட்கவில்லை. ராக்கெட்டைக் கையால் தொடாதவன் பேச்சு! திரும்பிப் பார்த்தால் அவள் பந்தை இன்னும் பொத்தியே வைத்திருந்தாள்.

அதே நாளில் தோற்ற இன்னொரு பெண்ணின் அப்பா பஞ்சாபிக்காரர், இளவயதில் ஹாக்கி ஆடியவர். வெளியே வந்த மகளிடம் ஒரு வாழைப்பழத்தை நீட்டினார், பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார், பராட்டாவா சோலே பட்டூராவா என்று கேட்டார். அவ்வளவுதான். ஸ்கோரைக்கூடக் கேட்கவில்லை. இவர் என்ன அக்கறையே இல்லாத மனிதர் என்று அன்றைக்கு நினைத்தேன். எங்கள் பெண் அடுத்த வருஷம் ராக்கெட்டைப் பரணில் போட்டாள். இப்போது குருகிராமில் நல்ல வேலையில் இருக்கிறாள், நான் காரணம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கோச் சொல்ல மாட்டார். ஸ்குவாஷில் ஆரம்பத்தில் சம்பாத்தியம் கிடையாது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் உலகச் சுற்றில் கீழ்மட்டத்தில் சாலஞ்சர் 3 என்று ஒரு வகைப் போட்டி இருக்கிறது, மொத்தப் பரிசே 3,000 டாலர், அதுவும் ஆடுகிற அத்தனை பேருக்கும் பங்கு. முதல் சுற்றில் தோற்றால் டிக்கெட் காசு கையைவிட்டுப் போகும். ஜோஷ்னாவுக்கே ஒரு காலத்தில் மிட்டல் சாம்பியன்ஸ் டிரஸ்ட் உதவி தேவைப்பட்டது. உள்ளூரிலும் பெண்களுக்குப் பரிசு குறைவாக இருந்தது. தீபிகா அதற்காகவே 2012இலிருந்து நாலு வருஷம் தேசியப் போட்டிக்குப் போகாமல் இருந்து, 2016இல் சமமாக்கிய பிறகுதான் திரும்பி வந்தார். அமெரிக்கக் கல்லூரி ஆசை காட்டுகிறவர்களிடமும் ஜாக்கிரதை: ஸ்குவாஷ் ஆடினால் சேர்க்கைக்கு உதவும், ஆனால் ஹார்வர்ட், யேல் மாதிரி ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். நல்ல செய்தியும் உண்டு. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் ஸ்குவாஷைச் சேர்த்துவிட்டது. இனி ஸ்பான்ஸர்கள் பக்கமும் கொஞ்சம் கதவு திறக்கலாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 11 வயதில் புரொஃபஷனலா பொழுதுபோக்கா என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம், கோச்சும் சேர்த்துத்தான். ஆறு நாள் இப்போதைக்கு அதிகம் என்று எனக்குப் படுகிறது, நாலு போதும். மீதி நாளில் நன்றாகத் தூங்கட்டும். வெளியூர்ப் போட்டி வருஷத்துக்கு இரண்டு, அதுவும் ரயிலில் போகிற தூரத்தில். பந்தே இல்லாமல் கோர்ட்டில் மூலைக்கு மூலை ஓடித் திரும்புகிற கோஸ்டிங் என்றொரு பயிற்சி உண்டு, பார்க்கிறவர்களுக்கே சலிப்புத் தட்டும். யாரும் சொல்லாமல் அவள் அதைச் செய்கிறாளா என்று மட்டும் பாருங்கள். செய்தால் இரண்டு வருஷம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மாமியாரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். இந்தக் குளிரில் போவதானால் சால்வையோடு வரச் சொல்லுங்கள், பார்வையாளர்கள் உட்காருகிற சிமெண்ட் படிகள் ஐஸ் மாதிரி இருக்கும்.