வலிப்பும் மனச்சோர்வும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 34 வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. இரண்டு மாதம் முன்பு மாத்திரையை மாற்றி, லெவெடிராசெட்டம் 500 மில்லிகிராம் காலையும் இரவும் கொடுத்தார்கள். வலிப்பு நின்றுவிட்டது. ஆனால் கஞ்சியில் உப்பு குறைந்தால்கூடக் கிண்ணத்தை வீசுகிறார். கொஞ்ச நேரத்தில் அவரே உட்கார்ந்து அழுகிறார். 'இந்த மாத்திரையே வேண்டாம்' என்கிறார். நிறுத்தலாமா?
- வாசகி, அருமனை

பதில்: நிறுத்தக் கூடாது, அம்மா. இன்றிரவு மாத்திரையையும் போட்டே ஆக வேண்டும். திடீரென்று விட்டால் வலிப்பு அடுத்தடுத்து வரலாம். ஐந்து நிமிடம் தாண்டி நீடிக்கும் வலிப்பு உயிருக்கே ஆபத்து. அதற்காக, 'குணம் மாறிப்போச்சு' என்று பொறுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். லெவெடிராசெட்டம் சிலருக்கு இப்படித்தான் செய்யும். எரிச்சல், சட்டென்று கோபம், அழுகை எல்லாம் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். ஆகவே அடுத்த தேதி வரை காத்திராமல் இந்த வாரமே நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டர் அளவைக் குறைக்கலாம், அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றலாம். மாற்றும்போது புதியதை மெல்ல ஏற்றிய பிறகுதான் பழையதை இறக்குவார்கள். லமோட்ரிஜின் என்ற வலிப்பு மாத்திரை மனநிலைக்கும் உதவும். ஆனால் வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரையும் கூட இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் 25. அவசரப்பட்டு ஏற்றினால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம். புதிதாகத் தடிப்பு தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். தேதி, வலிப்பு வந்ததா, கோபமா அழுகையா, எத்தனை மணி நேரம் தூக்கம், மாத்திரை தவறியதா, அளவு எப்போது மாறியது என்று தினமும் ஒரு வரி போதும். நாலு வாரம் எழுதினால் கோபம் மாத்திரையோடு வந்ததா, தூக்கக் குறைவோடு வந்ததா என்பது புரியும். இதை நீங்களே எழுதுவது நல்லது. வலிப்பு வந்ததும் கோபப்பட்டதும் அவருக்கே சரியாக நினைவிருக்காது.

தூக்கத்தைச் சொல்லக் காரணம் உண்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்று மூன்று மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பத்து மணிக்குப் படுத்தால் ஐந்து மணி நேரத் தூக்கம்கூட இல்லை. வலிப்பைக் கூப்பிடுவதும் அதுதான், மனதைக் கெடுப்பதும் அதுதான். வெட்டு உள்ள நாளுக்கு முந்தைய இரவு எட்டு மணிக்குப் படுக்கட்டும். மாத்திரை காலை ஏழரை, இரவு ஏழரை என்றால் சரியாக இருக்கும். கையில் கத்தி, காலடியில் சரிவு. தோட்டத்துக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 20 வயது. வலிப்புக்குத் திருவனந்தபுரத்தில் காட்டுகிறோம். டாக்டர் 'சங்கடம் உண்டோ?' என்று கேட்டபோது 'இல்லை' என்றாள். வீட்டில் ஒரு மாதமாக யாரோடும் பேசுவதில்லை. இங்கே ஒரு டாக்டர் செர்ட்ராலின் எழுதினார். மனச்சோர்வு மாத்திரை வலிப்பைக் கொண்டுவரும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
- வாசகர், செங்கோட்டை

பதில்: முதலில் அந்தச் சொல். மலையாளத்தில் 'சங்கடம்' என்றால் துக்கம். உங்கள் மகள் அதை நம் பக்கத்துச் 'சங்கடம்' என்று நினைத்து, தொந்தரவு ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பாள். அடுத்த முறை 'மனசு சோர்வா இருக்கு, எதிலும் விருப்பமில்லை, தூக்கம் வரலை, ஒரு மாசமா' என்று விவரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கோபத்துக்கு அங்கே 'தேஷ்யம்' என்பார்கள். ஆறு கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டினால் 15க்கு மேல் வந்தால் மனச்சோர்வா என்று விரிவாகப் பார்ப்பார்கள். இதைக் கேட்டு வாங்கலாம்.

வலிப்பு வந்த பிறகு சில மணி நேரமோ, ஒன்றிரண்டு நாளோ மனம் கவிழ்ந்து கிடந்து தானே தெளியும். ஒரு மாதம் என்பது அப்படியல்ல, சிகிச்சை வேண்டும். செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை வழக்கமான அளவில் பொதுவாக வலிப்பைக் கூட்டுவதில்லை. மனச்சோர்வு மாத்திரைகளில் பயப்பட வேண்டியவை புப்ரோபியானும் க்ளோமிப்ரமினும். சிகரெட்டை விடுவதற்குக் கொடுப்பதும் புப்ரோபியான்தான் என்பதால் குடும்பத்தில் யாருக்கு வலிப்பு இருந்தாலும் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகள் கார்பமசபின் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் அது ரத்தத்தில் செர்ட்ராலினைக் குறைத்துவிடும். இரண்டு சீட்டையும் இரண்டு டாக்டரிடமும் காட்டுங்கள். வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள் என்றால், பின்னாளில் கருவைப் பாதிக்கும் என்பதால் அதற்கு மாற்று உண்டா என்று இப்போதே கேளுங்கள். செர்ட்ராலின் வேலை செய்வது தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், பத்தாம் நாளில் 'பலனில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

சாக வேண்டும் என்று ஒரு தடவை பேசினாலும் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளைத் தனியாக விடாமல், மாத்திரைப் பெட்டியை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, 14416-ஐ அழையுங்கள். இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவும் பகலும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அன்றே மருத்துவமனைக்கும் கூட்டிப்போங்கள்.