மகள் மருத்துவ உளவியல் படிக்கட்டும், அக்கா

அன்புள்ள அக்கா,

களுவாஞ்சிகுடியிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். உயர்தரம் எழுதிய மகள், உளவியல் படித்து, உளப்பகுப்பாய்வு வழியில், அதாவது மனதின் அடியில் புதைந்து கிடப்பதைப் பேசிப் பேசி வெளியே கொண்டுவரும் முறையில், சிகிச்சை செய்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வேலை கிடைக்குமா என்பது உங்கள் ஒரு பயம். மற்றது, "படிக்கிறவளே இன்னொருவரிடம் வருசக்கணக்கில் சிகிச்சைக்குப் போக வேணுமாமே, அப்ப இவளுக்கும் ஏதும் வருத்தமா?"

நோய் ஒன்றும் இல்லை, அக்கா. அது பயிற்சியின் ஒரு பங்கு. 1920இல் பெர்லினில் தொடங்கிய பயிற்சி நிலையம் வகுத்த ஒழுங்கு இன்றும் நடக்கிறது: தன் மனதைத் தானே பகுப்பாய்வுக்கு உட்படுத்துவது, வகுப்பு, மூத்தவரின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வது.

சுனாமியில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் உங்கள் மகளிடம் வருகிறார் என்று வையுங்கள். சில கிழமை நன்றாகப் பேசியவர், மகள் ஒரு கிழமை லீவில் போய்த் திரும்பியதும் முகம் கொடுக்கவில்லை. "நீ போனா வருவாய்தானே" என்று சீறுகிறார். திரும்பி வராத பிள்ளைமேல் உள்ள கோபமும் அதில் இருக்கிறது. அந்த நேரம் மகளுக்குத் தன் சொந்த இழப்பும் கிளம்பும். எது அந்தத் தாயுடையது, எது தன்னுடையது என்று பிரிக்கத் தெரியாவிட்டால், அவசரமாக ஆறுதல் சொல்லி அவர் வாயை அடைத்துவிடுவாள். அதற்காகத்தான் அத்தனை வருசம்.

சரி, வழிக்கு வருவோம். கலைப் பிரிவு மாணவர்களுக்குப் பேராதனைக் கலைப் பீடத்தில் உளவியல் இருக்கிறது. பட்டத்துக்குப் பிறகு, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியலில் (மனநோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை செய்யும் உளவியல்) எம்.ஃபில். என்ற மேற்பட்டம். அப்புறம் இலங்கை மருத்துவ சபையில் பதிவு. உளப்பகுப்பாய்வு அதற்குப் பிறகு வரட்டும்; இந்த வரிசையை மாற்ற வேண்டாம். தற்கொலை எண்ணத்தோடு வருபவரையும் மருந்து உடனே தேவைப்படுபவரையும் அடையாளம் காண, ஆஸ்பத்திரி மனநல விடுதியில் வேலை செய்து பழகியிருக்க வேண்டும். உளப்பகுப்பாய்வுப் பயிற்சி காசையும் காலத்தையும் நிறைய விழுங்கும். சம்பளம் எடுக்கிற ஆளுக்குத்தான் அது தாங்கும். முழுப் பயிற்சிக்கு வெளியூர்தான் போக வேண்டும். கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் 1922 முதல் இருக்கிறது. லண்டனிலும் படிக்கலாம்.

சில மாத டிப்ளோமாவுக்கு லட்சக்கணக்கில் கேட்டால், "இதை வைத்து மருத்துவ சபையில் பதியலாமா?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் காசு கட்டாதீர்கள்.

அரச ஆஸ்பத்திரிகளில் மருத்துவ உளவியலாளர் பதவி குறைவு, அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் போரும் கடலும் அடித்த எங்கள் மாவட்டத்தில், தமிழில் மனம்விட்டுப் பேசக் கேட்கத் தெரிந்த ஆள் அதைவிடக் குறைவு. பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம், தனியார் கிளினிக் என்று வேறு இடங்களும் உண்டு.

மேற்படிப்பு ஆங்கிலத்தில் என்பதால், பெறுபேறு வரும்வரை மகளைச் சும்மா இருக்கவிடாமல் இந்த மாதமே ஆங்கில வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.