வாரண்ட் இல்லாமல் போலீஸ் வீட்டு வாசலில் நின்றால்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். போன வாரம் இரவு ஒன்பது மணிக்குமேல் சாதாரண உடையில் இரண்டு பேர் வந்து, போலீஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகனின் வங்கிக் கணக்கைப் பற்றி விசாரிக்க வேண்டுமாம். நானும் கணவரும் வேலையில் இருந்தோம். மாமியார் பயந்துபோய் கேட்டைத் திறந்துவிட்டார். மகனின் கைப்பேசியையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வருகிற வியாழக்கிழமை அவனை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வாரண்ட் எதையும் காட்டவில்லை. இது சரியா? உள்ளே விட மறுத்திருக்கலாமா?

பதில்: நீங்கள் எதிர்பார்க்கும் பதில் இதுவாக இருக்காது. அவர்கள் வந்ததும் பொருள்களை எடுத்துச் சென்றதும் பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். சிங்கப்பூரின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு வகையில் வாரண்ட் இல்லாமலேயே போலீஸ் கைது செய்யலாம், இன்னொரு வகையில் முடியாது. எந்தக் குற்றம் எதில் சேரும் என்பது அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மோசடி, திருட்டு, போதைப்பொருள் போன்றவை முதல் வகை. அவற்றின் விசாரணையில், ஆதாரம் ஒரு வீட்டில் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் சட்டம் சொல்லும் சூழல்களில் வாரண்ட் இல்லாமலே சோதனையிடலாம், பொருள்களைக் கைப்பற்றலாம். வங்கிக் கணக்கையோ சிங்பாஸையோ (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுப்பதன் மீதான சட்டமும் 2024 பிப்ரவரியிலிருந்து கடுமையாகிவிட்டது. "நண்பன் கேட்டான், கொடுத்தேன்" என்று மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

"வாரண்ட் இல்லாமல் எடுத்த ஆதாரம் கோர்ட்டில் செல்லாது" என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்கப் படங்களில் வருவது இங்கே பொருந்தாது. சோதனையில் முறைகேடு நடந்திருந்தாலும், அந்த ஒரு காரணத்துக்காகவே இங்குள்ள நீதிமன்றம் ஆதாரத்தைத் தள்ளிவிடாது. அதனால் கதவை மறித்துக்கொண்டு வாதாடுவதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. அரசு ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்ததாகத் தனிக் குற்றச்சாட்டு வந்து சேரலாம். தேடப்படும் ஆள் உள்ளே இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்து, கேட்டும் வழிவிடாவிட்டால் கதவை உடைக்கவும் சட்டம் அனுமதிக்கிறது.

அதற்காகப் போலீஸ் எதற்காக வந்தாலும் உள்ளே விட்டே ஆகவேண்டும் என்பதில்லை. சத்தம் அதிகம் என்று பக்கத்து வீட்டார் புகார் செய்திருக்கலாம், அல்லது சும்மா நாலு கேள்வி கேட்க வந்திருக்கலாம். அப்போது கேட்டருகே நின்றே பேசலாம். "என்ன விசாரணை சார்? வீட்டைச் சோதிக்கப் போகிறீர்களா? யாரையாவது கைது செய்யப் போகிறீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நீங்களே வாங்க என்று அழைத்தால் அது உங்கள் சம்மதமாகிவிடும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால், வந்தவர் போலீஸ்தானா என்று பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் மாமியாரைத் தயார்ப்படுத்தி வையுங்கள். சாதாரண உடையில் வரும் அதிகாரி தன் வாரண்ட் கார்டைக் (போலீஸ் அடையாள அட்டை) காட்ட வேண்டும். அதில் காவல்துறைச் சின்னம், படம், பெயர் எல்லாம் இருக்கும். கேட்டைப் பூட்டியபடியே கம்பிக்கு உள்ளிருந்து நிதானமாகப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் 999 எண்ணை அழைத்துச் சரிபார்க்கலாம். உண்மையான அதிகாரி அதற்குக் கோபப்படமாட்டார். பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொன்னாலோ வங்கிக் கணக்கின் பாஸ்வோர்டு கேட்டாலோ வந்திருப்பது மோசடிக்காரர்தான். மோசடியோ என்ற சந்தேகத்துக்கு 1799 என்ற உதவி எண்ணும் உண்டு.

சோதனை நடக்கும்போது வீட்டில் இருப்பவர் கூடவே இருந்து பார்க்கலாம். எடுத்த பொருள்களுக்கு அதிகாரி பட்டியல் போட வேண்டும். கையெழுத்திட்ட பிரதி ஒன்று கேட்டால் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். விசாரணை அதிகாரியிடம் இப்போதும் கேளுங்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய வகைக் குற்றங்களில் கைப்பேசியின் பாஸ்வோர்டைக் கொடுக்கும்படி போலீஸ் உத்தரவிட முடியும். மறுப்பது குற்றமாகலாம்.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம். உங்கள் மகனுக்கு முக்கியமானது அன்று கொடுக்கப்போகும் வாக்குமூலம். விசாரணையில் தெரிந்ததை உண்மையாகச் சொல்லவேண்டிய கடமை அவனுக்கு இருக்கிறது. ஆனால் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய எதையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. இந்த உரிமையை அதிகாரி எடுத்துச் சொல்லவேண்டிய கடமை சட்டத்தில் இல்லை, அதனால் அவன் இதைத் தெரிந்துகொண்டே போகவேண்டும். பொய் மட்டும் கூடவே கூடாது.

பேசியது எழுதப்பட்டதும் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலம் புரியாதவருக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும். நாளை உங்களையோ மாமியாரையோ விசாரித்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். நம் ஆட்கள் பலர் பாதி புரிந்தும் புரியாமலும் "சரி சார், சரி சார்" என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "கணக்கைக் கொடுத்தேன், எதற்கு என்று தெரியாது" என்று சொன்னது "தெரிந்தே கொடுத்தேன்" என்று எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு சொல்லில் வழக்கே மாறிவிடும். தவறு இருந்தால் திருத்தச் சொல்லி, அந்த இடத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும். திருத்திய பிறகே கையெழுத்திடட்டும்.

குற்றம் சாட்டப்படும் கட்டத்தில் இன்னொரு வாக்குமூலம் கேட்பார்கள். தற்காப்புக்கு உதவும் விஷயத்தை அப்போது சொல்லாமல் பிறகு கோர்ட்டில் சொன்னால், நீதிபதி நம்பும் வாய்ப்பு குறைவு என்ற எச்சரிக்கை அதனுடன் வரும். அந்தக் கட்டத்தில் வாயே திறக்காமல் இருப்பது எப்போதும் புத்திசாலித்தனம் ஆகாது.

கைதே செய்தாலும், காரணத்தைச் சொல்லவேண்டும், 48 மணி நேரத்துக்குள் மேஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க விடவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர் உடனே வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. நியாயமான நேரத்துக்குள் என்பதுதான் நீதிமன்றங்கள் சொன்னது. விசாரணை அறையில் பக்கத்தில் வழக்கறிஞர் உட்கார்ந்திருப்பார் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே புதன்கிழமைக்குள் மகனை ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் அழைத்துப் போங்கள். வசதி இல்லையென்றால் புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் இலவசச் சட்ட ஆலோசனையை அணுகுங்கள். பிறகு குற்றம் சாட்டப்பட்டால், வருமானத் தகுதி உள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்கத்தின் பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆஃபிஸ் வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. போகும்போது வங்கிக் கணக்கு விவரங்களையும், யாராவது நண்பன் கணக்கைக் கேட்டிருந்தால் அவனோடு பேசிய செய்திகள் வேறு கருவியில் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எதையும் அழிக்க வேண்டாம்.