சீசன் போனா வருஷமே போச்சு

கேள்வி: கொரோனா சமயத்துல கொடைக்கானல் மாதிரி டூரிஸ்ட் ஊர்ல இருந்தவங்க எப்படி சமாளிச்சாங்க? அரசு ரேஷன் கார்டுக்கு 1000 ரூபா குடுத்துச்சே, அது போதலையா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: போதலைம்மா. அங்க ஏப்ரல், மே ரெண்டு மாசம்தான் பெரிய சீசன், அதுல சம்பாதிக்கறத வச்சுதான் ஸ்கூல் ஃபீஸ், வண்டி டியூ, மழைக்காலத்துச் செலவு எல்லாமே ஓடும், 2020 மார்ச் 24 ராத்திரி லாக்டவுன்னு சொன்னதும் அந்த சீசன் அப்படியே கைய விட்டுப் போயிடுச்சு. டாக்ஸிக்காரராவது வண்டிய நிறுத்திட்டு வேற வேலை தேடலாம். ஏரிகிட்ட குதிரை சவாரி ஓட்டறவர் என்ன பண்ணுவார்? சவாரி இல்லாட்டியும் குதிரைக்கு தினம் தீனி போட்டாகணுமே, புள்ளைக்கு வாங்கறதா அதுக்கு வாங்கறதான்னு நிக்கற நிலைமை யாருக்கும் வரக்கூடாதும்மா. லாட்ஜ் ரூம் பாய், சோளம் சுட்டு விக்கற அக்கா, இவங்களுக்கெல்லாம் பி.எஃப். எங்க இருக்கு?

செப்டம்பர்ல இ-பாஸோட ஆளுங்கள விட்டாங்க, கொஞ்சம் மூச்சு வந்துச்சு, அதுக்குள்ள ரெண்டாவது அலை, 2021 ஏப்ரல் 20லேருந்து மறுபடி தடை, அதுவும் சரியா சீசன்லயே. தடை தப்புன்னு நான் சொல்லல, உயிர் முக்கியம். ஆனா மீன்பிடித் தடைக்காலத்துல மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தர்றாங்கல்ல, அதே மாதிரி சீசனை நம்பி இருக்கற இவங்களையும் கணக்கெடுத்துக் குடுத்திருக்கணும்.